அறுபத்திரண்டு நாடுகளும் ஒரு சிவப்பு ஐசியும்

உலகத்தில் உள்ள எல்லா நாடுகளுக்கும் போய்விட வேண்டும் என்ற பைத்தியம் எனக்கு ஓர் அட்டைப் பெட்டியால் பிடித்தது. சிங்கப்பூரில், துவாஸ் பக்கம், கப்பல் உதிரிப் பாகங்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் கிடங்கில் எனக்கு வேலை. வீடு மலேசியப் பக்கம். தம்போயில் விடிவதற்கு முன் ஏறினால், கம்பெனி பஸ் கெலாங் பாத்தா வழியாக, சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாவது பாலத்தைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கிவிடும். நாள் முழுக்கப் பெட்டி கட்டி, விலாசச் சீட்டு ஒட்டி, அடுக்க வேண்டும். ஒரு நாள் அச்சுப் பிசகிய சீட்டு ஒன்றைக் குப்பையில் போடப் போனபோது அதில் பொலிவியா என்று இருப்பதைப் பார்த்தேன். அது எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, தெரியவில்லையே என்ற கவலையும் இல்லை. எனக்கு மட்டும் ஏனோ வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருஷமாக உலகம் முழுக்கப் பெட்டி அனுப்புகிறேன். பெட்டி போகிற இடம் எதற்கும் நான் போனதில்லை.

சீட்டை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மனைவி அதை வாங்கித் துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். மறுநாளே கடைக்குப் போய்ப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் உலகப்படப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தாள். பொலிவியாவுக்குக் கடலே கிடையாது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். கடல் இல்லாத ஊருக்குக் கப்பல் சாமான் எதற்குப் போனது என்று அன்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு பிசகிய சீட்டு எது கிடைத்தாலும் கொண்டுவந்து கொடுப்பேன். கானா, பெரு, நார்வே, ஓமான். அலமாரிக் கதவு நிறைந்தது. "எல்லாத்துக்கும் ஒருவாட்டி போய்ட்டு வந்துடணும்ங்க, ரெண்டு பேரும்," என்றாள். சொன்னது அவள்தான். அதை நான் மறந்துபோனதுதான் இந்தக் கதை.

அவளிடம் இருந்தது சிவப்பு ஐசி.

மலேசியாவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டுக் குடிமக்களின் அடையாளக் கார்டு நீலம். இங்கேயே இருக்கலாம், ஆனால் குடியுரிமை இல்லை என்பவர்களுக்குச் சிவப்பு. அவள் பிறந்தது செடெனாக் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில். பிறந்ததைப் பதிய வேண்டும் என்று அவள் அப்பாவுக்குத் தெரியாமல் இல்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் விவரத்தைச் சொல்லிவிட்டார். கிராணியிடம் சொன்னால் ஆயிற்று என்பது அந்தக் காலத்துத் தோட்டத்து நம்பிக்கை. கிராணி வேறு தோட்டத்துக்கு மாறிப் போனார். பன்னிரண்டு வயதில் வகுப்பே வரிசையாகப் போய் ஐசி எடுத்தபோதுதான் இவளுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை என்று தெரிந்தது. எத்தனையோ அலைச்சலுக்குப் பிறகு சிவப்பு கிடைத்தது. சிவப்புக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அவளைப் போன்றவர்களுக்கென்று ஏதோ பயணப் பத்திரம் உண்டு என்று யாரோ சொன்னார்கள். விசாரித்துப் பார்த்ததில், அதை வைத்துக்கொண்டு விசா வாங்குவது குதிரைக்கொம்பு என்று தெரிந்தது. அவளும் ஒரே பேச்சாக மறுத்துவிட்டாள். "தப்பு பண்ணவ மாதிரி அந்தக் காயிதத்த நீட்டிக்கிட்டு நிக்க மாட்டேன். போனா எல்லாரும் போற மாதிரி போவேன்."

குடிமகனின் மனைவி என்ற முறையில் கல்யாணமானதுமே விண்ணப்பித்திருந்தோம். ஒன்றிரண்டு வருஷத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் அரசாங்கத்தின் மேல் நம்பிக்கையும் பொறுமையும் கொஞ்சம் அதிகம், அதற்குக் காரணம் என் கார்டு நீலம் என்பதுதான். மூன்று வருஷம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம் எழுதவில்லை. கடிதத்தைத் தபால்காரர் கொடுத்ததும் அவள் வாசல் கேட்டருகே நின்றபடியே பிரித்துப் படித்திருக்கிறாள். நான் வேலை முடிந்து வரும்போதும் கையில் கடிதத்தோடு அதே இடத்தில் இருந்தாள். வயிற்றில் அப்போது எங்கள் மகள்.

அந்த வருஷ முடிவில் அவளே சொன்னாள். "நீங்க போங்க. மொதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்குக் கெடச்சோன்ன திரும்ப ரெண்டு பேருமாப் போலாம். அது வரைக்கும் எண்ணக் கூடாது, சரியா? நான் வந்தப்புறந்தான் கணக்கு ஒண்ணுலேர்ந்து ஆரம்பம்."

சரி என்றேன். அப்படிச் சொல்வதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

முதலில் பக்கத்து நாடுகள். லாவோஸ், கம்போடியா, வியட்நாம், இலங்கை. வருஷ விடுமுறையை ஒரு நாள் வீணாக்காமல் சேர்த்து வைப்பேன். காய்ச்சல் என்றாலும் வேலைக்குப் போவேன். திரும்பி வந்தால் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "காலையில என்ன சாப்புடுறாங்க?" கோயில், கோபுரம், மலை எதுவும் அவளுக்கு வேண்டாம். வியட்நாமில் விடிகாலையிலேயே மாட்டு எலும்புச் சாற்றில் நூடல்ஸ் சாப்பிடுகிறார்கள், எகிப்தில் மொச்சை மாதிரி ஒரு பயற்றை மசித்து ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள், துருக்கியில் வெள்ளரிக்காயும் ஆலிவும் பாலாடைக்கட்டியும் வைக்கிறார்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மொச்சை விஷயத்தை மறுநாளே அடுப்பில் வைத்துப் பார்த்தாள். மகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள். நாங்கள் இருவரும் முழுவதையும் சாப்பிட்டோம்.

என் பாஸ்போர்ட்டில் எல்லா நாடுகளுக்கும் செல்லும், ஒரு நாட்டைத் தவிர என்று அச்சடித்திருக்கும். உலகத்தின் நூற்றுத் தொண்ணூற்று மூன்று நாடுகளில் அந்த ஒன்றுக்கு மட்டும் என்ன செய்வது என்று நான் ஒரு முறை வீட்டில் புலம்பினேன். உண்மையிலேயே புலம்பினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஒங்களுக்கு ஒண்ணுதான் கூடாது," என்றாள். மீதியைச் சொல்லவில்லை. நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் காரில் கெலாங் பாத்தாவுக்கு அப்பால், பாலத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் மீனவர் கிராமத்துக்கு, மீன் கம்பத்துக்கு, போவோம். பொரித்த மீன் கிடைக்கும். மேலே பாலத்தில் பஸ்கள் சிங்கப்பூருக்குப் போய்க்கொண்டே இருக்கும். மகளுக்கு எட்டு வயதில் பள்ளியிலிருந்து சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போனார்கள். அவளுக்குப் பாஸ்போர்ட் எடுக்க அரை நாள்கூட ஆகவில்லை. முதல் நாள் அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டது அம்மாதான். அதற்குப் பிறகு கம்பத்துக்குப் போவதை என் மனைவி மெல்ல நிறுத்திக்கொண்டாள். மீன் தனக்குப் பிடிக்கவில்லை என்று காரணம் சொன்னாள்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு நான்கு வருஷம் கழித்துப் பதில் வந்தது. அதே வாசகம். அதையும் அவள் தனியாகத்தான் பிரித்தாள். நான் அப்போது மொரோக்கோவில் இருந்தேன். போனில் சொன்னாள், அழவில்லை. "பரவால்ல, நீங்க பாத்துட்டு வாங்க," என்றாள். நானும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். மூன்றாவது முறை விண்ணப்பித்தோம்.

எப்போது எண்ண ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. முப்பதுக்குப் பக்கத்தில் இருக்கலாம். கிடங்கில் கேட்பார்கள், சொல்ல ஒரு எண் வேண்டும். எண் ஒன்று கிடைத்துவிட்டால் பிறகு அதுதான் ஆட்டிவைக்கும். ஒரே விடுமுறையில் மூன்று நாடு, நான்கு நாடு என்று அடுக்கினேன். எல்லை தாண்டி ஒரு இரவு படுத்துவிட்டுத் திரும்பினாலும் கணக்கில் அதுவும் ஒரு நாடுதான். காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க நேரமில்லை. பஸ் நிலையத்தில் பிஸ்கட் தின்றுவிட்டு அடுத்த பஸ். வீட்டுக்கு வந்து அவள் கேட்டால் ரொட்டி என்பேன். பெரும்பாலும் எங்கேயும் ரொட்டிதான், அதனால் பொய் என்று சொல்ல முடியாது.

ஒரு கல்யாண மண்டபத்தில் அது வெளிப்பட்டது. கூட வேலை செய்யும் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என் மனைவியைப் பார்த்து, "அண்ணே சும்மா இல்ல தெரியுமாக்கா? அம்பத்தேழு நாடு முடிச்சிட்டாரு. நாங்கல்லாம் இன்னும் பக்கத்துல இருக்குற பாத்தாம் தீவகூட ஒழுங்கா பாக்கல," என்று சொல்லிச் சிரித்தார். பாராட்டுத்தான். அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, இலையில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டாள். மொய் வைத்துவிட்டு வந்து காரில் ஏறினோம். ஸ்கூடாய் சமிக்ஞை விளக்கில் நின்றபோது கேட்டாள்.

"எண்ண ஆரம்பிச்சிட்டீங்களா?"

அவன் சும்மா சொல்கிறான் என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. கத்தி முடித்ததும் குற்றம் கழிந்துவிட்டதாகத் தோன்றும். அவள் அந்த வழியை எனக்கு விடவில்லை.

அடுத்த வருஷம் மத்திய ஆசியாவில் நான்கு நாடுகளை ஒரே பயணத்தில் முடிக்கத் திட்டம் போட்டேன். கசக்ஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான். மொத்தம் இருபத்தைந்து நாள். சம்பளமில்லா விடுமுறையும் சேர்த்து எடுத்தேன். கிளம்பி எட்டாம் நாள் கிர்கிஸ்தானில் இருந்தபோது போன் வந்தது.

"பதிவிலாக்காவுலேர்ந்து கடிதம் வந்திருக்குங்க," என்றாள். "தடிப்பா இருக்கு. இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் ஒத்தக் காயிதந்தான். சாமி மேடையில வச்சிருக்கேன்."

எங்கள் வீடுகளில் இது வழக்கம். முக்கியமான கடிதம் எது வந்தாலும், பரீட்சை முடிவானாலும் வேலைக்கான கடிதமானாலும், முதலில் சாமி மேடைக்குப் போகும். மஞ்சளும் குங்குமமும் வைத்து, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டுத்தான் பிரிப்பார்கள். என் புதுப் பாஸ்போர்ட்டுகளும் அங்கே இருந்து வந்தவைதான். முன்பு வந்த இரண்டு கடிதங்களையும் சாமிக்குக் காட்டாமல், வாசலில் நின்று, தனியாகப் பிரித்ததால்தான் அப்படி ஆயிற்று என்று அவள் மனதில் எப்போதோ விழுந்துவிட்டது. இந்த முறை முறைப்படி செய்வது என்று முடிவு செய்திருந்தாள். இருவரும் சேர்ந்து கும்பிட்டு, நான் பிரிக்க வேண்டும்.

பக்கத்தில் மகளின் குரல் கேட்டது. பதினாறு வயது அப்போது. "மா, பிரிச்சிப் பாருங்க லா. முக்கியமான லெட்டரா இருக்கும்."

"முக்கியமான லெட்டர்னுதான்டி அங்க வச்சிருக்கேன். அப்பா வரட்டும்," என்று அவளுக்குச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள். "நீங்க வந்தோன்ன பிரிக்கலாம், என்னா?"

இந்த இடத்தில்தான் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உள்ளே இருப்பது மறுப்பாக இருந்தால் அவள் உடைந்துபோவாள். அவள் உடைந்துபோனால் நான் கிளம்பி வர வேண்டியிருக்கும். இன்னும் இரண்டு நாடு பாக்கி. மூன்றாம் முறையாக மறுத்தாலும் அந்தச் செய்தி இரண்டு நாட்டுக்குப் பிறகு வரட்டும் என்று நினைத்தேன். நல்ல செய்தியாக இருக்கலாம் என்று என் மனதில் படவேயில்லை. அவளைவிட முன்னாலேயே நான் நம்பிக்கையை விட்டிருக்கிறேன், அதை அவளிடம் சொல்லாமல்.

"சரி, வச்சிரு. நான் வந்து பிரிக்கிறேன்," என்றேன்.

அன்று மாலை கடைத்தெருவில் ஆப்ரிகாட் வாங்கித் தின்றேன். நல்ல இனிப்பு. அதைக்கூட மறக்க முடியவில்லை.

பதினேழு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். அவள் தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, கேசரி கிண்டி வைத்திருந்தாள். உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. விளக்கேற்றினாள். சூடம் காட்டினாள். மகளும் வந்து நின்றாள். நான் உறையைப் பிரித்தேன்.

மலாயில் இரண்டே பத்தி. பின்னால் கொண்டுவர வேண்டிய பத்திரங்களின் பட்டியல். விண்ணப்பதாரர் கணவரோடு, அசல் பத்திரங்களோடு, குறிப்பிட்ட தேதியில் நேர்முகத்துக்கு வர வேண்டும். தேதியைப் பார்த்தேன். கடிதம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒன்பதாம் நாள். அது முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

முதல் தடவையாக எங்களை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவை ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, நான்தான் அது என்று அவள் சொல்லியிருக்கலாம். அன்றே பிரித்திருந்தால் நான் திரும்பி வர எட்டு நாள் இருந்தது. ஒரு விமானம் போதும்.

அவள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். மலாய் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். படித்துவிட்டுத் திருப்பி என் கையில் கொடுத்தாள். "நாந்தான வச்சேன்," என்றாள். அவ்வளவுதான். கேசரியை எல்லோருக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டோம். மகள் பாதியில் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் பதிவிலாக்காவுக்குப் போனோம். முகப்பில் இருந்த பெண்ணின் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை, நாற்காலி கொடுத்து உட்காரவைத்துத்தான் பேசினார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கறை விரலில் ஒட்டியதும் துடைத்துக்கொண்டு, "கெனாப்பா தாக் புக்கா சூராட்?" என்றார். ஏன் கடிதத்தைத் திறக்கவில்லை என்று கேட்கிறார். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் மனைவி, "நான் மறந்துவிட்டேன்" என்று மலாயில் சொன்னாள். சாமி மேடையையும் சொல்லவில்லை, கிர்கிஸ்தானையும் சொல்லவில்லை. முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. வராததால் கோப்பு மூடப்பட்டது, புதிதாக விண்ணப்பிக்கலாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கூப்பிட்டார்கள், நாங்கள் போகவில்லை.

இனி எங்கேயும் போவதில்லை என்று அன்று காரில் வரும்போது சொன்னேன். பெரிய தியாகம் செய்கிறவன் குரலில்தான் சொல்லியிருப்பேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்காக நிறுத்துனேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றாள். "போறதுன்னா போங்க. வீட்டுல ஒருத்தராச்சும் போகட்டும்."

இரண்டு வருஷம் போகவில்லை. பிறகு போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் நேர்மையான பதில், வீட்டில் இருக்க முடியவில்லை என்பதுதான். அல்பேனியா. இஸ்தான்புல்லில் விமானம் மாறி டிரானாவில் இறங்கினேன். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். அறுபத்திரண்டு என்று மனம் தானாகச் சொன்னது. அறை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்தேன். நான்கு நாளும் அந்த அறையை விட்டு, கீழே இருந்த கடைக்குத் தவிர, எங்கேயும் போகவில்லை. மழைகூட இல்லை, நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே ஒரு சதுக்கத்தில் கிழவர்கள் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்க்க ஆசை வரவில்லை. இந்த அறுபத்திரண்டில் எத்தனை நாடு உண்மையில் பார்த்தேன் என்று யோசித்தேன். அவள் கேட்டதால் பார்த்தவை இருந்தன. மற்றதெல்லாம் முத்திரை. மீதி நூற்று முப்பத்தொன்றையும் இப்படியே கட்டிலில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று தோன்றியபோது பயமாக இருந்தது. ஆம்பிளை அழக் கூடாது என்று வளர்ந்தவன் நான். அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை என்பதால் அழுதேன். நன்றாகவே அழுதேன். ஒன்றும் இறங்கவில்லை.

திரும்பி வந்தபோது அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்த துணிகளை எடுத்து வாஷிங் மெஷினில் போட்டாள். கேட்பாள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். காலை உணவைத் தெரிந்துகொண்டு வரவேண்டும் என்று கடைசி நாள் விமான நிலையத்தில் ஒருவரை விசாரித்துக்கூட வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு என் வேலை, பாரம் எனப்படும் விண்ணப்பப் படிவத்தை வாங்கி வருவது. ஒவ்வொரு வருஷமும் பொங்கல் கழிந்ததும் பதிவிலாக்காவுக்குப் போய் விண்ணப்பப் பாரம் வாங்குவேன். எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்புவேன். எத்தனை முறை எழுதியிருப்பேன், பார்க்காமலே எழுதுவேன். பிறந்த இடம், பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மா பெயர். கையெழுத்து மட்டும் அவள் போட வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைப்பேன். அவள் எடுத்துப் பார்ப்பாள், "அப்புறம் போடுறேன்," என்பாள். மேசையிலிருந்து அது பத்திரிகைக் கட்டுக்குப் போகும். அடுத்த வருஷம் வேறொரு பாரம் வாங்குவேன். மனம் சோர்ந்திருக்கிறாள், காலம் ஆற்றும் என்று நினைத்தேன். மகள் இப்போது கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். அவளை விட்டுச் சொல்லச் சொன்னேன். "நீங்களே கேளுங்க பா," என்று போனை வைத்துவிட்டாள்.

போன மாதம் ஐந்தாவது பாரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள் சமையலறைத் தரையில் தாளை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை விடுவதில்லை என்ற வைராக்கியம்.

"ஒரு கையெழுத்து. அஞ்சு வருஷமாக் கேக்குறேன்," என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "கெடச்சா ரெண்டு பேரும் போலாம். எங்க வேணாலும். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

அவள் கையை நிறுத்தவில்லை.

"கெடச்சிடுச்சின்னு வைங்க. பாஸ்போர்ட்டும் எடுத்தாச்சி. அப்புறம்?"

"அப்புறம் போறதுதான்."

"எனக்குப் போற ஆச இல்லங்க," என்றாள். வானிலையைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "எப்ப போச்சின்னு தெரியல. முந்தியெல்லாம் அந்தப் படப் புத்தகத்தப் பாத்தா நெஞ்சு அடிச்சிக்கும். இப்ப ஒண்ணும் இல்ல. சும்மா காயிதம்."

ஆசை திரும்பி வரும் என்றேன். கார்டு கையில் வந்தால் தானாக வரும் என்றேன். இன்னும் ஏதேதோ சொன்னேன். அவள் ஒரு கைப்பிடி நெத்திலியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"வேணாம், விடுங்க. அது செவப்பா இருக்கட்டும். செவப்பா இருக்குற வரைக்கும் எல்லாத்துக்கும் அத்தச் சொல்லிக்கலாம். நான் போகாததுக்கு, என் ஆச போனதுக்கு, எல்லாத்துக்கும். நாளைக்கே நீலமாயிட்டா நான் யாரச் சொல்றது? ஒங்களத்தான் சொல்லணும். ஒங்களோட இன்னும் எவ்வளவு வருஷம் இருக்கணும். எனக்கு அது வேணாங்க."

சொல்லிவிட்டு அடுத்த பிடியை எடுத்தாள்.

ஐந்து வருஷமாக இந்தப் பாரத்தை யாருக்காக நிரப்பினேன் என்று அப்போது தெரிந்தது. அவளுக்குக் குடியுரிமை கிடைத்தால் நான் செய்தது இல்லையென்று ஆகிவிடும். அதற்குத்தான் வருஷா வருஷம் அவளிடம் கையெழுத்து கேட்டிருக்கிறேன். அவளுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் நான்கு முறை, அப்புறம் போடுகிறேன் என்று தள்ளிப் போட்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறாள்.

பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் தாளில் என் பக்கமாகக் கொஞ்சம் நெத்திலியை ஒதுக்கிவிட்டாள். நானும் கிள்ள ஆரம்பித்தேன்.